லீவு கிடைக்காத தாய்மாமன்

சுவிற்சர்லாந்தின் திரிம்பாக்கில் இரவீந்திரனைத் தெரியாத தமிழ்க் குடும்பம் ஒன்று இருந்தால், அது நேற்றுத்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். எந்த மண்டபத்தில் எந்தக் கொண்டாட்டம் என்றாலும் பந்தியில் சோற்று வாளியோடு ஓடுவதும், எல்லாம் முடிந்தபின் கடைசி ஆளாக நின்று கதிரை அடுக்குவதும் அவர்தான். பிறந்தநாள், சாமத்தியம், கல்யாணம், அந்தியேட்டி என்று ஒன்றையும் விடமாட்டார். ஒல்ட்டனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பாத்திரம் கழுவப் போனவர், உருளைக்கிழங்கு உரித்து, வெங்காயம் நறுக்கி, இன்று சூப்புக்கு உப்புப் போடும் உரிமை வரைக்கும் உயர்ந்திருக்கிறார். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அதே சமையலறைதான். அங்கே கிடைத்த லீவெல்லாம் யாராவது ஒருவருடைய மண்டபத்தில் கரைந்து போனது.

மனைவி ஜெயகௌரி இதைக் குறையாகச் சொன்னதில்லை. அவரும் கூடவே நின்று பலகாரம் சுட்டவர்தான். மாலை நேரங்களில் ஒரு பல் வைத்தியரின் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை அவருக்கு. அங்கே நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. வெள்ளை வீடுகள், நீலக் குவிமாடம், கீழே கடல். அந்தப் படத்தின் கண்ணாடியை வருஷக்கணக்காகத் துடைத்து வந்தவர், ஒருநாள் வீட்டுக்கு வந்து, குளிர்ச் சட்டையைக் கூடக் கழற்றாமல் சொன்னார்.

“இஞ்சேருங்கோ, சாகிறதுக்கு முன்னம் அந்தப் படத்துக்குள்ளை ஒருக்காப் போய் நிக்கோணும்.”

அது சந்தொரினி என்று மகள் சரணியா கண்டுபிடித்துச் சொன்னாள். பேர்ணில் படிக்கிற பிள்ளை, உலகம் அவளுடைய கைத்தொலைபேசிக்குள் இருந்தது. ஆனால் சந்தொரினிக்கு மட்டும் போவதற்கு அவள் சம்மதிக்கவில்லை. “கூட்டத்துக்குள்ளை நிண்டு கூட்டத்தைப் பாத்திட்டு வாறதுக்கே அம்மா போறம்?” என்று கேட்டாள். தாய்க்குப் பேர்போன தீவு வேண்டும், மகளுக்குச் சத்தமில்லாத தீவு வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்ட இரவீந்திரன், வேலையிடத்தில் சமையலறைப் பொறுப்பாளர் உர்ஸிடம் யோசனை கேட்டார்.

உர்ஸ் இருபது தடவையாவது கிரேக்கத்துக்குப் போன மனிதர். தீவு என்ற சொல்லைக் கேட்டாலே கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். நக்ஸோஸில் தொடங்கு, அங்கிருந்து சின்னக் கப்பலில் கூஃபோனிசிக்குப் போ, பிறகு அமோர்கோஸ், அங்கே மலையும் கடலும் ஆடும் தவிர உனக்குத் தொல்லை தர யாரும் இல்லை, கடைசியில் சந்தொரினி என்று சொல்லிக்கொடுத்தார். சின்னத் தீவைக் கடைசிக்கு வைக்காதே, காற்று எழும்பினால் கப்பல் வராது, விமானத்தைத் தவற விடுவாய், சந்தொரினியிலோ விமான நிலையம் உண்டு என்று எச்சரித்தார். ஒக்ரோபர் மாதத்துக்கு இரண்டு கிழமை லீவையும் அவரே எழுதிக்கொடுத்தார்.

அதன் பிறகு சில மாதங்கள் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒரு துறைமுகம்தான். எந்தக் கப்பல் எந்தத் தீவில் நிற்கும், எது நின்றும் நிற்காமலும் போகும் என்று இரவீந்திரன் கரைத்துக் குடித்துவிட்டார். சின்ன சோற்றுக் குக்கரைப் பெட்டிக்குள் வைக்க அவரும், வெளியே எடுக்க சரணியாவும் என்று ஒரு சண்டை நடந்து, கடைசியில் ஒரு போத்தல் மிளகாய்த் தூளில் சமாதானம் ஆயிற்று. யாருக்கும் அழைப்பிதழ் கொடுக்காமல், யாருக்கும் சோறு போடாமல், தான் மட்டும் சந்தோஷப்படப் போகிற ஒரு காரியத்தை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். வெளியாட்களிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் இன்னும் நாலு குடும்பம் சேர்ந்துவிடும், பிறகு தீவுக்குப் பதிலாக ஒரு பஸ் பிடிக்க வேண்டியதுதான் என்று ஜெயகௌரியும் வாயைத் திறக்கவில்லை. அதுவரைக்கும் அதில் ஒரு பிழையும் இல்லை.

பிழை கஜலக்சுமியின் அழைப்போடு வந்தது. கஜலக்சுமி அவருடைய ஒரே தங்கை. நொஷாட்டலில் இருக்கிறாள். மணிக்கூட்டு உதிரிப்பாகங்களைப் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவளுடைய ஒரே மகள் யதுஷா பங்குனியில் பெரிய பிள்ளையாகியிருந்தாள். சடங்கை மண்டபத்தில் வைத்து ஊரறியச் செய்ய வேண்டும், மண்டபம்தான் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்காக அலைந்தார்கள்.

“அண்ணை, ஹோல் ஒருமாதிரிக் கிடைச்சிட்டுது,” என்றாள். சந்தோஷத்தில் குரல் துள்ளியது. “ஒக்ரோபர் பள்ளிக்கூட லீவுக்குள்ளை, ரெண்டாவது சனிக்கிழமை. தாய்மாமன் நீங்கள்தான் பிள்ளையின்ரை தலையிலை பாலறுகு வைச்சு, தேங்காய் உடைச்சு, தண்ணி வாக்கோணும். அண்ணியையும் சரணியாவையும் வெள்ளிக்கிழமையே கூட்டிக்கொண்டு வந்திடுங்கோ.”

இரண்டாவது சனிக்கிழமை அவர்கள் அமோர்கோஸில் இருப்பார்கள். சுவரில் நாட்காட்டி தொங்கியது. அதைப் பார்க்கத் தேவையே இல்லை.

அந்த இடத்தில் ஒரு வசனம் போதும். ‘கஜா, அந்தக் கிழமை நாங்கள் ஒரு பயணம் போறம்.’ அவ்வளவுதான். ஆனால் நம்முடைய ஆட்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. வேலை என்று சொல்லிச் சடங்குக்கு வராமல் விடலாம். வருத்தம் என்று விடலாம். துடக்கு, தீட்டு என்றால் வந்தால்தான் குற்றம். உல்லாசமாகக் கடல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி எந்தத் தாய்மாமனாவது மருமகளின் தலையில் தண்ணீர் வார்க்காமல் விட்டதாக இன்றுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்த முதல் ஆளாக இருக்க இரவீந்திரனுக்குத் துணிவு வரவில்லை.

“எனக்கு லீவு தரமாட்டினம் பிள்ளை,” என்றார்.

“ஒரு சனிக்கிழமைதானே அண்ணை?”

“ஆள் இல்லையாம். கேட்டுப் பாத்திட்டன்.”

கேட்டுப் பாத்திட்டன் என்ற அந்த ஒட்டு எதற்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. ஒரு பொய் தனியாக நிற்கப் பயந்து இன்னொன்றைக் கூப்பிட்டுக்கொண்டது.

“அப்ப அட்லிஸ்விலிலை இருக்கிற தம்பித்துரை அண்ணையைத்தான் கேக்கோணும். ஒண்டுவிட்ட முறை எண்டாலும் மாமன்தானே,” என்றாள். துள்ளல் போய்விட்டிருந்தது. “நீங்கள் மனசைக் குழப்பாதேங்கோ அண்ணை. வேலையைப் பாருங்கோ. இந்த வயசிலை அதையும் இழந்திட்டு நிக்கேலாது.”

ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சரணியாவின் சாமத்தியத்துக்கு இதே கஜலக்சுமி ஒரு கிழமைக்கு முன்பே வந்து நின்று, பயித்தம் பணியாரமும் சீனி அரியதரமும் சுட்டு, கையில் எண்ணெய் தெறித்த கொப்புளத்தோடு ஆலாத்தி எடுத்தவள். இரவீந்திரன் தொலைபேசியை வைத்துவிட்டு, மேசையில் விரித்திருந்த தீவுப் படத்தை மடித்தார். ஏன் மடித்தார் என்று ஜெயகௌரி கேட்கவில்லை. ஜெயகௌரி அப்போது குளித்துக்கொண்டிருந்தார்; தங்கையின் அழைப்பைப் பற்றி இரவீந்திரன் அவரிடம் சொல்லவுமில்லை.

பொய் சொன்னவனுக்கு அதைக் காப்பாற்றும் வேலை பெரிய வேலை. ஒருநாள் சரணியா தற்செயலாக ஒரு படத்தைக் காட்டினாள். பேர்ணில் இருக்கிற ஒரு தமிழ்ச் சோடி, கல்யாணத்துக்கு முன் படம் பிடிக்கச் சந்தொரினிக்குப் போயிருக்கிறது. நீலக் குவிமாடத்துக்கு முன்னால் பெண்ணின் சேலை பத்து முழத்துக்குக் காற்றில் பறந்தது. பக்கத்தில் படம் பிடிக்கிறவர், அவருடைய உதவியாளர், பெண்ணின் சித்தி. அந்தச் சித்தியை இரவீந்திரன் திரிம்பாக் கோயிலில் கண்டிருக்கிறார். சந்தொரினி என்றால் கிரேக்க நாட்டுத் தீவு என்று நினைத்திருந்தவருக்கு, அது நல்லூர்த் திருவிழா வீதி மாதிரித் தெரியத் தொடங்கியது. லண்டன், பாரிஸ், சூரிச் எல்லாம் அங்கேதான் சுற்றித் திரியும். ‘அட, இரவி அண்ணை! உங்கட தங்கச்சியின்ரை மகளின்ரை சடங்கு போன சனிக்கிழமையெல்லோ?’ என்று யாராவது கேட்டால் கடலுக்குள்தான் குதிக்க வேண்டும்.

“சந்தொரினியை விடுவம்,” என்றார் அன்று இரவுச் சாப்பாட்டில்.

ஜெயகௌரி கோப்பையிலிருந்து கையை எடுத்தார். “என்னப்பா சொல்லுறியள்?”

“சரியான சனமாம். பெரிய கப்பல்கள் வந்து கொட்டுதாம். கழுதை நாத்தமும். சின்னத் தீவுகள் காணும். நக்ஸோஸுக்குத் திரும்பி வந்து ஏதென்சாலை வருவம்.”

“அப்பா, நீங்கள்தானே இந்தப் பயணத்தை நல்லா வெட்டி ஒட்டிச் சரிக்கட்டினனீங்கள். சின்னத் தீவைக் கடைசிக்கு வைக்கக் கூடாது எண்டு சொன்னதும் நீங்கள்தான்,” என்றாள் சரணியா.

ஜெயகௌரி எழுந்து போய்ச் சட்டி கழுவினார். அடுத்த நாள் பல் வைத்தியரிடத்துக்கு வேலைக்குப் போனவர், வழக்கத்தை விடச் சீக்கிரம் திரும்பி வந்தார். அந்தப் படத்தை இன்று துடைக்கவில்லை போலும் என்று இரவீந்திரன் நினைத்தார். நினைத்ததும் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, சமையலறையில் கரட் நறுக்கிக்கொண்டிருந்தபோது உர்ஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

“இரவி, உன் தங்கை சனிக்கிழமை இங்கே தொலைபேசி எடுத்தாள். பிரெஞ்சில் பேசினாள். என் பிரெஞ்சு ஒரு கேவலம், ஆனாலும் விளங்கியது,” என்றார் ஜெர்மன் மொழியில்.

இரவீந்திரனின் கத்தி நின்றது.

“ஏதோ குடும்பச் சடங்காம். நீ இல்லாமல் நடக்காதாம். ஒரே ஒரு சனிக்கிழமைக்கு உன்னை விடச் சொல்லிக் கெஞ்சினாள். தேவையென்றால் அந்த நாளைக்குத் தன் கணவன் வந்து உனக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவுவான் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா, அந்த இரண்டு கிழமையும் அவருக்கு லீவுதானே, கிரேக்கத்துக்கல்லவா போகிறார் என்றேன். உன் தங்கைக்கு நீ சொல்லவில்லையா?”

“சொன்னேன். மறந்திருப்பாள்,” என்றார் இரவீந்திரன். மூன்றாவது பொய்.

“இருக்கலாம். பிறகு எந்தெந்தத் தீவு என்று கேட்டாள். எல்லாம் விவரமாகச் சொன்னேன். உன் மனைவியின் அந்தப் படத்துக் கதையையும் சொன்னேன். நன்றி சொன்னாள். நல்ல பெண்.”

மத்தியானம் அந்த இல்லத்து முதியவர்கள் சூப்பை வாயில் வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. இரவீந்திரன் குளிர்ப்பெட்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். வெட்கம் என்றால் முகம் சிவக்கும் என்பார்கள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. தங்கை அண்ணனுக்காக முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரனிடம், தனக்குச் சரளமில்லாத மொழியில், அவனுக்கு விளங்காத சடங்கைச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். மச்சானைப் பாத்திரம் கழுவ அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். அதற்கு அவளுக்குக் கிடைத்த பதில் கிரேக்கம்.

அன்று பின்னேரம் ஜெயகௌரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தொரினியை ஏன் வெட்டினார் என்பதையும் ஒளிக்கவில்லை.

ஜெயகௌரி சத்தம் போடவில்லை. “நான் உங்களிட்டைக் கேட்டது கடலை,” என்றார். “கஜாவிட்டைப் பொய் சொல்லச் சொல்லிக் கேட்டனானே? இனி அந்தத் தீவிலை போய் நிண்டாலும் எனக்கு என்னத்தைத் தெரியப் போகுது? அவளின்ரை முகம்தான் தெரியும்.” கொஞ்சம் பொறுத்து, “நேரை போய்ச் சொல்லுங்கோ. ரெலிபோனிலை சொல்லிப் போட்டுத் தப்பப் பாக்காதேங்கோ,” என்றார்.

அடுத்து வந்த வேலை இல்லாத நாளில் இரவீந்திரன் நொஷாட்டல் ரயிலில் ஏறினார். பீல் நகரம் தாண்டியதும் ஏரி வந்தது. திராட்சைத் தோட்டங்கள் வந்தன. வழி நெடுக வசனங்களை அடுக்கிப் பார்த்தார். பயணச்சீட்டை இரத்துச் செய்கிறேன், தாய்மாமனாக வந்து நிற்கிறேன், என்னை மன்னித்துக்கொள் என்று சொல்வதாக முடிவு. தங்கையிடம் மன்னிப்பு என்ற சொல்லை எந்தத் தமிழில் கேட்பது என்பதுதான் பிடிபடவில்லை. அண்ணன்மார் கேட்டுப் பழக்கமில்லாத சொல்.

கதவைத் திறந்தவள் யதுஷா. “மாமா!” என்று கத்தினாள். கஜலக்சுமி கடையிலிருந்து இன்னும் வரவில்லை. பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பிரெஞ்சு வாசனை அடிக்கும் தமிழில் அளந்து கொட்டினாள். சேலை நிறம், கேக்கின் உயரம், பல்லக்கு வேண்டாம் என்று தான் அழுதது, எல்லாம் வந்தது.

“பிறகு மாமா, தெரியுமே? டேற் மாத்தியாச்சு. கடைசிச் சனிக்கிழமை. அம்மா ஹோல்காரரோடை பெரிய சண்டை. ‘என்ரை அண்ணை இல்லாமல் நான் செய்யமாட்டன், வேறை நாள் தாங்கோ’ எண்டு ரெலிபோனிலை கத்தினவா. உங்கட வேலையிடத்திலை பாவம் லீவு குடுக்கேல்லையாமே?”

இரவீந்திரன் தண்ணீரைக் குடித்தார். கடைசிச் சனிக்கிழமை. அவர்கள் கிரேக்கத்திலிருந்து திரும்பி வந்து ஒரு கிழமை ஆகியிருக்கும்.

கஜலக்சுமி இரண்டு கையிலும் பையோடு வந்தாள். அண்ணனைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள். அவர் எழுந்தார். ரயிலில் அடுக்கிய வசனமெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது.

“கஜா, நான் உன்னட்டை ஒரு கதை கதைக்கோணும். அண்டைக்கு நான் சொன்னது...”

“இருங்கோ அண்ணை, முதல்லை சாப்பிடுங்கோ,” என்றாள். கண்கள் ஒருதரம் பிள்ளையின் பக்கம் போய் வந்தன. “நல்ல காலம் வந்தியள். நானே ரெலிபோன் எடுக்க இருந்தனான். ஹோலிலை தண்ணிக் குழாய் ஏதோ வெடிச்சுப் போச்சாம். அவங்களாத்தான் நாளை மாத்திப் போட்டாங்கள். கடைசிச் சனிக்கிழமை. அண்டைக்கெண்டாலும் உங்களுக்கு லீவு தருவினமோ?”

யதுஷா வாயைத் திறந்தாள். தாய் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

அவளும் பொய் சொல்கிறாள் என்று இரவீந்திரனுக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். மருமகளின் முன்னால் மாமன் தலைகுனியக் கூடாது என்று, இல்லாத ஒரு தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டிருக்கிறாள். அதை வேண்டாம் என்று தட்டிவிட்டால், பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துவிடும். அவர் உட்கார்ந்தார்.

“ஓம். தருவினம்,” என்றார். அது உண்மைதான். ஆனாலும் அவர் சொன்ன பொய்களில் எதுவும் இவ்வளவு கசக்கவில்லை.

நண்டுக் குழம்பும் சோறும் போட்டாள். பக்கத்திலேயே நின்று பரிமாறினாள். அவர் வாய்க்குள் போனது என்னவென்றே தெரியாமல் விழுங்கினார். சடங்குக் கதை, சேலைக் கதை, தம்பித்துரை அண்ணையின் முழங்கால் வருத்தம் என்று அவளே எல்லாம் கதைத்தாள். ஏழு வயதில் தன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள், எப்போது தன்னைவிடப் பெரியவளானாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

வெளிக்கிடும்போது கஜலக்சுமி ஒரு பையை நீட்டினாள். பிள்ளை உள்ளே இருந்தாள். கதவடியில் இரண்டு பேரும்தான்.

“ரயிலிலை வைச்சுத் திறக்காதேங்கோ, குழம்பு ஊத்துப்படும். கீழை ஒரு கம்பளிச் சால்வை வைச்சிருக்கிறன். அண்ணிக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அமோர்கோஸிலை ஒக்ரோபரிலை பின்னேரம் நல்லாக் குளிருமாம்.”

“கஜா...” என்றார் இரவீந்திரன்.

“ஏன் அண்ணை என்னட்டைச் சொல்லேல்லை?” என்று கேட்டாள். அப்போதுதான், அந்த ஒரு தடவைதான், அவள் குரல் உடைந்தது. “போகாதேங்கோ எண்டு சொல்லியிருப்பனே? எத்தினை வருஷமா எங்களுக்கு நிண்டனீங்கள். நீங்கள் ஒருக்காக் கடலைப் பாத்தால் எனக்கு எரியுமே?”

அவர் கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்கட குணம் எனக்குத் தெரியும், எங்கட சனம் காணும் எண்டு பயந்து சந்தொரினியை விட்டிடாதேங்கோ. அண்ணி ஆசைப்பட்ட இடம். ஆர் கண்டாலும் காணட்டும். அந்த நீலக் கோபுரத்துக்கு முன்னாலை அண்ணியை இந்தச் சால்வையோடை நிக்கவைச்சு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ.” கதவில் கை வைத்தவள் திரும்பினாள். “வந்த பிறகு காட்டுறன் எண்டு வைச்சிருக்காதேங்கோ. அண்டைக்கே அனுப்புங்கோ.”

ஓம் என்று தலையாட்டினார். படியில் இறங்கும்போது மேலே இருந்து யதுஷா எட்டிப் பார்த்து, “மாமா, லீவு கட்டாயம் கேளுங்கோ!” என்று கத்தினாள். கேட்கிறேன் என்று அவர் கையைக் காட்டினார். நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.